ஃபெயில் ஆனது யார்?

"நம்ம புள்ளைக்கு மண்டைல ஏறல சார். கணக்க முடிச்சுக் குடுத்துருங்க."

வங்கிக் கவுண்டரில் பாஸ்புக்கை நீட்டியபடி ஒரு தாய் சொன்னார். உதவித்தொகைக்காகத் தொடங்கிய கணக்கு. பையனை ஒன்பதாம் வகுப்பிலேயே நிறுத்திவிட்டார்கள். பணம் வரவில்லை. வராது. ஒன்பது, பத்தாம் வகுப்புப் பட்டியல் சாதிப் பிள்ளைகளுக்கான உதவித்தொகைத் திட்டத்தை மத்திய அரசு 2012இல் கொண்டுவந்தபோதே விதியில் எழுதிவைத்தது: ஒரு வகுப்புக்கு ஒரு வருஷம்தான் பணம். அதே வகுப்பில் மறுவருஷம் உட்கார்ந்தால் கிடையாது. விழுந்தவன் கையிலிருக்கும் ஊன்றுகோலைப் பிடுங்குவதற்கு இந்த நாட்டில் பெயர், விதிமுறை.

மண்டையில் ஏறவில்லையாம். யாருடைய வாக்கியம் இது? அந்தத் தாயுடையது அல்ல. பள்ளிக்கூடம் அவர் வாயில் திணித்து அனுப்பியது.

2009 கல்வி உரிமைச் சட்டம் எட்டாம் வகுப்பு முடியும்வரை எந்தப் பிள்ளையையும் நிறுத்தி வைக்கக்கூடாது என்றது. பத்து வருஷம்கூடப் பொறுக்க முடியவில்லை. 2019இல் திருத்தினார்கள். ஐந்திலும் எட்டிலும் பரீட்சை வைக்கலாம். தோற்றால் இரண்டு மாதத்துக்குள் மறுபரீட்சை. அதிலும் தோற்றால் நிறுத்தி வைக்கலாம். 2024 டிசம்பரில் மத்திய அரசு தன் பள்ளிகளில் இதை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. தமிழ்நாட்டிலும் 2019 செப்டம்பரில் ஐந்து, எட்டு வகுப்புகளுக்குப் பொதுத்தேர்வு என்று ஆணை போட்டார்கள். எதிர்ப்பு கிளம்பியது, 2020 பிப்ரவரியில் வாபஸ். 2025இல் வந்த மாநிலக் கல்விக் கொள்கை எட்டு வரை ஆல் பாஸ் தொடரும் என்கிறது.

கை தட்டலாமா? கொஞ்சம் பொறுங்கள் தோழர்களே. எட்டு வரை சும்மா இருந்த அரிவாள் ஒன்பதில் இறங்குகிறது.

பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்ததும் பள்ளிக்கூட வாசலில் பேனர் கட்டுகிறார்களே, 'நூறு சதவீதத் தேர்ச்சி' என்று, அந்த நூறு எப்படி வருகிறது? தேறமாட்டான் என்று தோன்றுகிற பிள்ளையை ஒன்பதிலேயே கழித்துக்கட்டினால் வருகிறது. ஃபெயில் போடு, இல்லையென்றால் அப்பனைக் கூப்பிட்டு, "வேற ஸ்கூல் பாத்துக்கங்க, டி.சி. தர்றோம்" என்று சொல். கழித்தவர்கள் போக மிச்சமிருப்பவர்களில் நூறு சதவீதம். வெளியே போனவனுக்கு எந்தப் பேனரிலும் கணக்கில்லை.

எனக்கும் ஒன்பதாம் வகுப்பில் டி.சி. வாங்கிப் போகச் சொன்னார்கள். என் அப்பா ஒரு பகல் முழுக்கப் பள்ளிக்கூட வாசலில் நின்றார். உள்ளே கூப்பிடவில்லை. சாயங்காலம், "சரி, இருக்கட்டும்" என்றார்கள். இருந்தேன், தேறினேன். இதில் என் திறமை என்ன இருக்கிறது? அன்றைக்குக் கூலியை விட்டுவிட்டு நிற்க அவருக்கு முடிந்தது. முடியாத அப்பன்களின் பிள்ளைகள் இன்றைக்குச் செங்கல் சூளையில் இருக்கிறார்கள்.

தகுதி, தரம் என்று கூவுகிறவர்களுக்கு ஒரு பழைய கதை. பள்ளியில் அம்பேத்கர் சமஸ்கிருதம் படிக்க விரும்பினார். தீண்டப்படாதவனுக்குச் சமஸ்கிருதம் இல்லை என்று பாரசீகத்துக்குத் தள்ளினார்கள். பரீட்சை வைக்குமுன்பே பாடத்தை மறுப்பது ஒரு வழி. 1953இல் ராஜாஜி கண்டுபிடித்தது இன்னொரு வழி: அரைநாள் பள்ளிக்கூடம், மிச்ச நேரம் அப்பன் தொழில். போராடி 1954இல் அதை ஒழித்தோம். ஒழித்தது உண்மைதானா? ஒன்பதில் ஃபெயிலான பிள்ளை எங்கே போகிறான் என்று பாருங்கள். அப்பன் தொழிலுக்குத்தான். குலக்கல்விக்கு இப்போது ஆணை தேவையில்லை, மார்க் ஷீட் போதும்.

வேலையோடு இது முடிவதுமில்லை. ஹரியானாவில் 2015இல் பஞ்சாயத்துத் தேர்தலில் நிற்கவே படிப்புத் தகுதி வைத்தார்கள். பொதுப்பிரிவு ஆணுக்குப் பத்தாம் வகுப்பு, தலித் ஆணுக்கு எட்டு, வார்டு உறுப்பினராக நிற்கிற தலித் பெண்ணுக்கு ஐந்து. அந்த டிசம்பரிலேயே உச்சநீதிமன்றம் ராஜ்பாலா வழக்கில் செல்லும் என்றது. பள்ளிக்கூடத்தை மறுத்தவன் ஊரை ஆளலாம். மறுக்கப்பட்டவள் வேட்புமனுகூடப் போட முடியாது. ஐந்தாம் வகுப்பில் ஒரு தலித் சிறுமியை ஃபெயிலாக்குவது எதுவரை நீளும் என்று இப்போது புரிகிறதா?

நம் சேரியிலேயே ஒரு குரல் இருக்கிறது: "ஆல் பாஸ் போட்டுத்தான் நம்ம புள்ளைங்கள கெடுத்துட்டாங்க. எட்டாவது போயும் எழுத்துக்கூட்டத் தெரியல." இதை உதாசீனம் செய்ய எனக்கு மனசில்லை. வயித்தெரிச்சலில் வரும் பேச்சு, அதில் உண்மையும் இருக்கிறது. சொல்லிக் கொடுக்காமல் தள்ளிவிடுவதும் துரோகம்தான். ஆனால் எட்டு வருஷம் உட்கார்ந்த பிள்ளைக்கு எழுத்து வரவில்லை என்றால் தண்டனை பிள்ளைக்கா? சமைக்காதவனை விட்டுவிட்டுப் பசித்தவனை அடிப்பதா? அதே வாத்தியார், அதே கடைசி பெஞ்சு, அதே "உங்களுக்கெல்லாம் எதுக்குடா படிப்பு". இன்னொரு வருஷம் அங்கேயே உட்காரவைத்தால் எழுத்து வந்துவிடுமா? அவமானம்தான் வரும். தம்பி தங்கை வயசுப் பிள்ளைகளோடு உட்கார முடியாமல் ஒருநாள் பையைத் தூக்கி எறிவான். 'இடைநின்றவர்' என்று எழுதிக்கொள்வார்கள். அவனாக நின்றானா?

ஆகவே 'ஆல் பாஸ் வேண்டும்' என்பதோடு நம் முழக்கம் நிற்கக்கூடாது. ஒன்பதில் டி.சி. கொடுத்து அனுப்பிய பிள்ளைகள் எத்தனை பேர், அதில் நம் பிள்ளைகள் எத்தனை பேர் என்று ஒவ்வொரு பள்ளியும் பேனருக்குப் பக்கத்திலேயே எழுதி ஒட்டட்டும். எழுத்து வராத பிள்ளைக்குத் தனி நேரம், தனி ஆசிரியர் வேண்டும், அதே வகுப்பில், அதே வயசுக்காரர்களோடு. ஃபெயில் போடுகிறவர், வருஷம் முழுக்க அந்தப் பிள்ளைக்கு என்ன செய்தேன் என்று எழுத்தில் தரட்டும். மறுவருஷம் உதவித்தொகை இல்லை என்ற விதி ஒழியட்டும். மாணவத் தோழர்களே, இந்தக் கோடையில் உங்கள் சேரியில் வீடு வீடாகப் போய் ஒன்பதோடு நின்றவர்களைப் பட்டியல் எடுங்கள். பள்ளிக்கூடத்தின் மார்க் ஷீட் அதுதான்.

அந்தத் தாயிடம் கணக்கை முடிக்க வேண்டாம் என்று சொல்லி பாஸ்புக்கைத் திருப்பிக் கொடுத்தேன். "ஒம் புள்ள ஃபெயில் ஆகலம்மா." அவர் நம்பவில்லை. நம்பவைக்கிற வேலை நமக்கு இருக்கிறது.