பாட்டி எந்த நிறம்?

சென்ற மார்கழியில் அம்மாவுக்கு முதல் வருஷத் திதி. எங்களால் ஊருக்குப் போக முடியவில்லை. திருச்சியில் இருக்கும் தம்பிதான் எல்லா ஏற்பாடுகளையும் பார்த்துக்கொண்டான். கூடத்தில் மாட்டுவதற்காக அம்மாவின் பழைய படம் ஒன்றை போனில் ஏதோ ஓர் ஆப்பில் போட்டுப் புதுப்பித்து எனக்கு அனுப்பியிருந்தான். கீறல் இல்லை, மங்கல் இல்லை. நெற்றிப் பொட்டு கூட நேற்று வைத்தது போல இருந்தது. என் பதினான்கு வயது மகள் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள்.

"இது யாரும்மா?"

"பாட்டிடி. தெரியலையா?"

"பாட்டி நம்ம கலர்தானே? இவங்க ஏன் இவ்ளோ வெள்ளையா இருக்காங்க?"

எனக்குச் சுருக்கென்றது. உடனே தம்பியைக் கூப்பிட்டுச் சத்தம் போட்டேன். பாவம், அவன் வேண்டுமென்று எதையும் செய்யவில்லை. கீறலை எடுக்கச் சொல்லி ஒரு பட்டனைத் தட்டினான். அந்த ஆப் கீறலோடு சேர்த்து நிறத்தையும் எடுத்துவிட்டது.

கோபம் தணிந்த பிறகுதான் ஒரு விஷயம் உறைத்தது. தப்பு ஆப்பில் ஆரம்பிக்கவில்லை. அந்தப் படம் 1974-இல் கும்பகோணத்தில் ஒரு ஸ்டூடியோவில் எடுத்தது, பெண் பார்க்க வருபவர்களுக்கு அனுப்புவதற்காக. அந்தக் காலத்து ஸ்டூடியோக்களில் 'டச்சிங்' என்று ஒரு வேலை உண்டு. நெகட்டிவ்வைக் கண்ணாடிக்கு மேல் வைத்து, கீழிருந்து வெளிச்சம் விட்டு, ஊசி போலச் சீவிய பென்சிலால் முகத்தின் மேல் மெல்லத் தீற்றுவார்கள். நெகட்டிவ்வில் பென்சில் பட்ட இடத்தில் வெளிச்சம் குறைவாக ஊடுருவும். பிரிண்ட்டில் அந்த இடம் வெளுப்பாக வரும். பரு மறையும், கண்ணுக்குக் கீழே இருக்கும் கருமை மறையும், கூடவே ஆளின் நிறமும் இரண்டு படி ஏறிவிடும்.

அம்மாவே சிரித்துக்கொண்டு சொல்வாள்: "போட்டோவுல மட்டுந்தாண்டி நான் செவப்பு."

"அப்ப பாட்டி நிஜமா எப்படி இருப்பாங்கன்னு ஒரு போட்டோகூடக் கிடையாதா?" என்றாள் மகள்.

ஒன்று இருந்தது. அப்பாவிடம் ஆக்ஃபா கிளிக் 3 கேமரா ஒன்று உண்டு. 120 ஃபிலிம் ஒன்றில் பன்னிரண்டு படம். வெயில் என்றால் ஒரு குறி, மேகம் என்றால் இன்னொரு குறி, அதற்கு மேல் அதில் பெரிதாகத் திருக எதுவும் இல்லை. 1979-இல் கொல்லைப்புறத்தில், சுண்ணாம்பு அடித்த சுவருக்கு முன்னால், இடுப்பில் என்னை வைத்துக்கொண்டு அம்மா சிரிக்கிற படம். ஆனால் பிரிண்ட்டில் சுவர்தான் நன்றாக விழுந்திருந்தது, அம்மாவின் முகம் வெறும் கறுப்புத் திட்டு. "கரிக்கட்டை மாதிரி இருக்கேன்" என்று அம்மா அதை யாருக்கும் காட்டமாட்டாள். அவள் பீரோவை ஒழித்தபோது கிடைத்த கவரில் அந்த நெகட்டிவ்வும் இருந்தது. எடுத்து வந்து இங்கே ஒரு டிராயரில் போட்டிருந்தேன்.

ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தோம். கண், மூக்குத்தி, பல் எல்லாமே மெல்லிசாகத் தெரிந்தன. பிரிண்ட் தொலைத்துவிட்டதை நெகட்டிவ் பத்திரமாக வைத்திருந்தது!

"நாமே பண்ணலாம்மா" என்று குதித்தாள். இருக்கிற ஒரே நெகட்டிவ்வில் கை வைக்க எனக்குப் பயம். முதலில் புது ஃபிலிமில் பழகுவோம் என்றேன்.

நாங்கள் இருப்பது ரோச்செஸ்டர். கோடாக் வளர்த்த ஊர். 1975-இல் முதல் டிஜிட்டல் கேமரா ஒன்றைச் செய்ததும் இதே ஊரில்தான். 1995-இல் இங்குள்ள ரோச்செஸ்டர் தொழில்நுட்பக் கழகத்தில் ஸ்காட் வில்லியம்ஸ் என்ற பேராசிரியரும் அவருடைய மாணவர்களும் ஃபிலிம் கழுவ ஒரு வேடிக்கையான வழி கண்டார்கள்: காப்பி! அதற்கு 'காஃபினால்' என்று பெயர். மகளின் பள்ளி போட்டோ கிளப்பில் அதைப் பற்றிச் சொல்லியிருந்தார்களாம். ஒரு டி-மேக்ஸ் 100 ரோலை எடுத்து முடித்து, ஒரு சனிக்கிழமை அடுக்களையில் இறங்கிவிட்டோம்.

ஒரு லிட்டர் தண்ணீருக்கு வாஷிங் சோடா 54 கிராம், வைட்டமின் சி பொடி 16 கிராம், இன்ஸ்டன்ட் காப்பித் தூள் 40 கிராம். 20 டிகிரி செல்சியஸில் பதினைந்து நிமிஷம். காப்பியில் இருக்கும் ஒரு அமிலமும் வைட்டமின் சியும் சேர்ந்து, வெளிச்சம் பட்ட உப்பை வெள்ளியாக மாற்றுகின்றன. அவை வேலை செய்யக் காரம் வேண்டும், அதற்குத்தான் சோடா. நம்மூர் சிக்கரி கலந்த தூள் வேண்டாம், மலிவான சுத்தக் காப்பித் தூளே போதும். வாசனை? கேட்காதீர்கள். என் கணவர் அன்று சாயங்காலம் காப்பியே வேண்டாம் என்றுவிட்டார்.

கழுவிய ஃபிலிமை நிலைநிறுத்த 'ஃபிக்சர்' கடையில்தான் வாங்க வேண்டும். அதற்கென்று எடுத்த பாத்திரத்தை மறுபடி சமையலுக்கு எடுக்கக் கூடாது. பயன்படுத்திய ஃபிக்சரில் வெள்ளி கலந்திருக்கும், தொட்டியில் கொட்டாமல் ரசாயனக் கழிவு வாங்குகிற இடத்தில் கொடுத்துவிட வேண்டும்.

முதல் ரோலில் பாதி மங்கல். குலுக்கியது போதவில்லை. இரண்டாவதில் நேரம் கூடிப்போய், பக்கத்து வீட்டுப் பனி எல்லாம் விவரமே இல்லாத வெள்ளை. மூன்றாவது ரோல் உருப்படியாக வந்தது. அதை உலர்த்தும்போது மகள் சொன்னாள்: "ரெண்டு நிமிஷம் கூட விட்டா வேற படம் ஆயிடுது. அப்ப இதுல எது நிஜம்?"

எனக்கு ஷெர்லி கார்டு நினைவுக்கு வந்தது. கலர் ஃபிலிம் காலத்தில் கோடாக் லேப்களுக்கு ஓர் அட்டை அனுப்புவார்கள். அதில் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் படம். முதலில் நின்ற ஊழியரின் பெயரால் அது ஷெர்லி கார்டு. அவள் முகம் சரியாக வரும்படி மெஷினைத் திருகிவிட்டால் எல்லார் படமும் சரி என்று கணக்கு. நம்மைப் போன்றவர்களின் முகம் அதில் எப்படி விழும் என்று யாரும் பெரிதாகக் கவலைப்படவில்லை. பழுப்பு நிறம் சரியாக வரவில்லை என்று கோடாக்கிடம் முறையிட்டவர்களில் சாக்லேட் கம்பெனிகளும் மரச்சாமான் கம்பெனிகளும் இருந்தார்கள் என்று அங்கே வேலை பார்த்தவர்களே பின்னாளில் சொல்லியிருக்கிறார்கள். 1990-களில்தான் பல நிறத்துப் பெண்கள் உள்ள அட்டை வந்தது.

அதையெல்லாம் மகளிடம் சொன்னேன். கழுவுகிறவர் யாரை மனதில் வைத்துத் திருகுகிறாரோ, அவருக்குத்தான் படம் நிஜமாக வரும்.

பிறகு அம்மாவின் நெகட்டிவ்வுக்கு வந்தோம். பஞ்சுக் கையுறை போட்டு, ஊதித் தூசி தட்டி, ஸ்கேனரில் 16 பிட்டில் டிஃப் ஃபைலாக எடுத்தோம். அந்த ஃபைலைப் பூட்டி வைத்துவிட்டு நகலில்தான் வேலை. முதல் முயற்சியில் மொத்தப் படத்தையும் வெளிச்சமாக்கினாள். சுவர் காணாமல் போனது, முகம் சாம்பல் பூசியது போல ஆனது. அடுத்த முறை முகத்துக்கு மட்டும் மாஸ்க் போட்டு 'கர்வ்' கோட்டைத் தூக்கினாள். இருட்டறையில் காகிதத்துக்கு மேலே கை நிழல் காட்டி ஓரிடத்தை வெளுக்க வைப்பார்களே, அதே வேலைதான். மெல்ல மெல்ல முகம் வந்தது. மூக்குத்தி மின்னியது.

"போதும், போதும்" என்றேன்.

"எங்க நிறுத்தணும்னு எப்படிம்மா தெரியும்?"

நல்ல கேள்வி. இன்னும் கொஞ்சம் தூக்கினால் நானும் அந்த பென்சில்காரர்தான். அப்புறம் வழியையும் அவளே கண்டுபிடித்தாள். படத்தில் என்னைச் சுற்றிப் பிடித்திருக்கும் அம்மாவின் கை நல்ல வெயிலில் இருந்தது, சரியாகவே விழுந்திருந்தது. "பாட்டி கைதான் அளவு. முகம் நிழல்ல இருக்கு, அதனால கையைவிட வெளுக்கக் கூடாது." அதோடு நிறுத்தினோம்.

வீடியோவில் சித்தியிடம் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசவே இல்லை. "அக்கா கூப்பிடற மாதிரியே இருக்குடி" என்றாள்.

தம்பிக்கு அனுப்பி, இதையே மாட்டச் சொன்னேன். அவன் யோசித்துச் சொன்னான்: "நல்லாத்தான் இருக்கு அக்கா. ஆனா அம்மாவுக்கு அந்த ஸ்டூடியோ படந்தான் பிடிக்கும். உனக்குத் தெரியாதா?"

தெரியும். பிறந்த வீட்டில் 'கறுப்பி' என்றே கூப்பிடப்பட்டு வளர்ந்தவள். ஒரு படத்திலாவது அப்படி இல்லாமல் இருந்ததில் அவளுக்கு ஒரு நிம்மதி. அதை எடுத்துவிட நான் யார்? என்னிடம் பதில் இல்லை.

கடைசியில் இப்படி முடிவாயிற்று. ஆப் செய்த படத்தை இறக்கிவிட்டான். ஸ்டூடியோ பிரிண்ட்டை அப்படியே ஸ்கேன் செய்து அனுப்பச் சொல்லி, நாங்கள் கீறலை மட்டும் எடுத்துக் கொடுத்தோம். பென்சில் வேலை உட்பட அது அம்மாவே தேர்ந்தெடுத்த முகம். திருச்சியில் அது தொங்குகிறது. இங்கே எங்கள் கூடத்தில் கொல்லைப்புறத்து அம்மா.

உங்கள் வீட்டிலும் பழைய கவர்களில் நெகட்டிவ் இருக்கும். பிரிண்ட் இருக்கிறதே என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ஒருமுறை ஜன்னலோரம் பிடித்துப் பாருங்கள். படத்தைத் திருத்தினால் திருத்தாத ஃபைலையும் சேர்த்து வையுங்கள்.

ஃப்ரேம் போடும் முன் மகள் எங்கள் படத்தின் பின்னால் பென்சிலால் எழுதி வைத்தாள்: "பாட்டி, 1979. தாத்தா எடுத்தது. முகத்து நிழலைக் கொஞ்சம் தூக்கினோம், கை அளவுக்கு. வேறு எதையும் மாற்றவில்லை."