மெயிலுக்குப் பூட்டு போட்டாச்சா? சாவி யார்கிட்ட இருக்குன்னு பாருங்க!

வேலைக்கு அப்ளை பண்ணும்போது ஆதார், பான், மார்க் ஷீட் என எல்லாவற்றையும் ஒரே மெயிலில் அட்டாச் செய்து அனுப்பிவிடுகிறோம். "ஜிமெயில்ல பூட்டுப் படம் இருக்கே, அப்புறம் என்ன பயம்?" என்று கேட்கிறீர்களா? அந்தப் பூட்டு பொய்யில்லை. ஆனால், அது எதைப் பூட்டுகிறது என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

பூட்டு வண்டிக்கா, கவருக்கா?

உங்கள் போனிலிருந்து மெயில் சர்வருக்குப் போகும் வழியில் அதைப் பாதுகாப்பது டிஎல்எஸ் என்ற தொழில்நுட்பம். தபால் வண்டிக்குப் பூட்டு போட்ட மாதிரி. வழியில் யாரும் பிரித்துப் படிக்க முடியாது. ஆனால், வண்டி போஸ்ட் ஆபீஸ் போனதும் கதவு திறக்கும். உள்ளே இருப்பது ஒட்டிய கவர் இல்லை, வெறும் போஸ்ட் கார்டு! விளம்பரங்களுக்காக இலவச ஜிமெயில் கணக்குகளை ஸ்கேன் செய்வதை நிறுத்தப்போவதாக கூகுள் அறிவித்ததே 2017-ல்தான். படிக்க முடிந்ததால்தானே நிறுத்த வேண்டியிருந்தது?

வாட்ஸ்அப்பில் 2016 முதலே எண்ட்-டு-எண்ட் என்க்ரிப்ஷன் எல்லோருக்கும் தானாகவே கிடைக்கிறது. காரணம், இரண்டு பக்கமும் ஒரே ஆப். மெயில் அப்படியில்லை. நீங்கள் ஜிமெயில், அவர் யாஹூ, ஆபீஸ் அவுட்லுக். அதனால் மெயிலில் கவரை நாமேதான் ஒட்டணும்.

உண்டியல் கணக்கு

இதற்கான வழியை 1991-லேயே பிஜிபி என்ற பெயரில் கொடுத்தவர் அமெரிக்காவின் ஃபில் ஜிம்மர்மன். லாஜிக் சிம்பிள். உங்களுக்கு இரண்டு சாவிகள். பப்ளிக் கீ, கோயில் உண்டியல் மாதிரி. யார் வேண்டுமானாலும் உள்ளே போடலாம். திறக்கும் சாவியான பிரைவேட் கீ உங்களிடம் மட்டும்தான்.

டிஜிட்டல் கையெழுத்து இதற்கு நேர் எதிர். உங்கள் பிரைவேட் கீயால் கையெழுத்துப் போடுவீர்கள். பப்ளிக் கீ வைத்திருக்கும் யாரும் அதைச் சரிபார்க்கலாம். வழியில் ஒரு எழுத்து மாறினாலும் காட்டிக்கொடுத்துவிடும். "உங்களுக்கு வேலை உறுதி, டெபாசிட் கட்டுங்க" என்று போலி ஆஃபர் லெட்டர்கள் வரும் காலத்தில், மறைப்பதைவிட இதுதான் நமக்கு அவசரம். லோகோவை யாரும் காப்பி அடிக்கலாம். பிரைவேட் கீயைத் திருடாமல் இந்தக் கையெழுத்தைப் போட முடியாது.

இவ்வளவு நல்ல விஷயம் ஏன் பரவவில்லை? கஷ்டம் என்பதுதான் பதில். 1999-ல் வெளியான ஓர் ஆய்வில், 12 பேரிடம் பிஜிபி-யைக் கொடுத்து 90 நிமிடம் நேரமும் கொடுத்தார்கள். மூன்றில் ஒரு பங்கினர்தான் மெயிலைச் சரியாகப் பூட்டிக் கையெழுத்திட்டார்கள். 2012 கடைசியில் எட்வர்டு ஸ்னோடென் தன் ரகசியங்களைச் சொல்ல பத்திரிகையாளர் க்ளென் க்ரீன்வால்டை அணுகி, "பிஜிபி போடுங்க" என்றார். செய்முறை வீடியோகூட அனுப்பினார். க்ரீன்வால்டு செய்யவே இல்லை. ஸ்னோடென் ஆவணப்பட இயக்குநர் லாரா பாய்ட்ரஸைத் தேடிப் போக வேண்டியதாயிற்று. உலகையே உலுக்கிய செய்தி, ஒரு செட்டிங்ஸால் கைநழுவப் பார்த்தது!

இப்போ எப்படிச் செய்வது?

• கம்ப்யூட்டரில் குரோம் அல்லது ஃபயர்பாக்ஸில் 'மெயில்வெலோப்' எக்ஸ்டென்ஷனை இன்ஸ்டால் செய்யுங்கள். பெயர், மெயில் ஐடி, பாஸ்வேர்டு கொடுத்தால் இரண்டு கீ-களும் தயார்.

• பப்ளிக் கீயை நண்பருக்கு அனுப்புங்கள். அவருடையதை வாங்கிச் சேருங்கள். போன் செய்து 'ஃபிங்கர்பிரின்ட்' எண்களைப் படித்து ஒப்பிடுங்கள். இதை விட்டால், நடுவில் வேறு யாராவது தன் கீயைச் செருக வாய்ப்பு உண்டு.

• இனி ஜிமெயிலில் எழுதும்போது வரும் மெயில்வெலோப் பட்டனை அழுத்தி, அந்தப் பெட்டிக்குள் எழுதி அனுப்புங்கள்.

• போன் மட்டும்தானா? ஆண்ட்ராய்டில் 'ஓப்பன்கீசெயின்' ஆப்புடன் 'தண்டர்பேர்டு' சேர்ந்தால் போதும். இதுவும் சிரமம் என்றால் 'புரோட்டான் மெயில்'. இரண்டு பேரும் அதில் இருந்தால் பூட்டு தானாகவே விழும்.

• பிரைவேட் கீயை பென் டிரைவில் பேக்கப் எடுங்கள். அது தொலைந்தால், பூட்டிய பழைய மெயில்களை யாராலும் திறக்க முடியாது. 'ஃபர்காட் பாஸ்வேர்டு' எல்லாம் இங்கே கிடையாது!

இதுக்கும் எல்லை உண்டு

யார், யாருக்கு, எப்போது அனுப்பினார் என்பது மறையாது. சப்ஜெக்ட் வரியும் வழக்கமாகத் திறந்தேதான் இருக்கும்; அதில் ரகசியம் எழுதாதீர்கள். நீங்களே உருவாக்கும் இந்தக் கையெழுத்தும், ஐ.டி சட்டம் 2000-ன் கீழ் உரிமம் பெற்ற நிறுவனங்கள் தரும் டிஎஸ்சி-யும் ஒன்றல்ல. அரசு ஃபைலிங்குக்கு அதுதான் வேணும்.

முக்கியமாக, இது ஒற்றை ஆள் வேலையில்லை. எதிரில் இருப்பவரிடம் கீ இல்லையென்றால் உங்களால் மெயிலைப் பூட்ட முடியாது. ஹெச்.ஆர்-கள் பிஜிபி கேட்கும் நாள் வரும்வரை காத்திருக்க வேண்டாம். சம்பள விவரம், மெடிக்கல் ரிப்போர்ட் எல்லாம் நீங்கள் யாருக்கு அனுப்புவீர்களோ, அந்த ஒருவரிடமிருந்து இந்த ஞாயிற்றுக்கிழமை ஆரம்பிங்க!