ஏரிக்கு வேண்டாத விருந்தாளி

ஆரணி நகருக்குப் பட்டு எப்படியோ, சுற்றுக் கிராமங்களின் நெல்லுக்கு ஏரி அப்படி. கமண்டல நாகநதியில் நீரோட்டம் சில மாதங்களே. ஏரி நீரையும், அதன் ஊற்றில் நிரம்பும் கிணறுகளையும் நம்பியே சிறு விவசாயி பயிர் செய்கிறார். அந்த ஏரிக் கரையையே துளைக்கக்கூடிய மீன் ஒன்று கண்ணாடித் தொட்டி வழியாகத் தமிழகத்துக்கு வந்துவிட்டது.

அலங்கார மீன் கடைகளில் 'டேங்க் கிளீனர்', 'சக்கர் மீன்' என்று விற்கப்படுவதே அது. தென் அமெரிக்கக் கெளுத்தி வகையைச் சேர்ந்தது. தொட்டியில் படியும் பாசியைத் தின்னும் என்பதற்காக வாங்குகிறார்கள். விரல் அளவுள்ள குஞ்சு ஒன்றரை அடி வரை வளரும். தொட்டி கொள்ளாமற் போனதும், கொல்ல மனமின்றி ஏரியிலோ ஓடையிலோ விட்டுவிடுகிறார்கள். கேரளம், ஆந்திரம், தமிழக நீர்நிலைகளில் இது பரவியதற்கு இதுவே முக்கிய காரணம்.

அடையாளம் காண்பது எளிது. நாட்டுக் கெளுத்தி, தேளி ஆகியவற்றின் உடல் வழவழப்பானது, மீசை நீண்டது. இம்மீனுக்கோ உடல் முழுதும் எலும்புத் தகடுகள். தொட்டால் அரம் போலச் சொரசொரக்கும். வாய் தலைக்கு அடியில் வட்டமாக, ஒட்டிக்கொள்ளும்படி இருக்கும். மீசை மிகச் சிறியது. முதுகுத் துடுப்பு பாய் விரித்தாற்போல் உயர்ந்து நிற்கும். அடிவயிற்றில் தனித்தனிப் புள்ளிகள் இருந்தால் ஓர் இனம், புழு நெளிவது போன்ற கோடுகள் இருந்தால் வேறு இனம். இனங்கள் கலப்பதால் இடைப்பட்ட கோலங்களும் உண்டு. சரியான பெயரைச் சொல்வது மீன்வளத் துறையினரின் வேலை. விவசாயிக்குத் தகடும் அடிவாயும் தெரிந்தால் போதும்.

பாசி தின்னும் மீன் ஏரிக்கும் நல்லதுதானே என்பார் சிலர். கண்ணாடித் தொட்டிக்குக் கரை இல்லை, ஏரிக்கு உண்டு. முட்டையிட இம்மீன் மண் கரையில் மூன்றடி ஆழம்கூட வளை தோண்டும். வளைகள் பெருகினால் கரை அரித்துச் சரியும். முள் வலையைக் கிழிக்கும். மெக்சிகோவின் இன்ஃபியர்னீயோ நீர்த்தேக்கத்தில் ஜிலேபி மீன் பிடிப்பு சரிந்து, வலை நிறைய இம்மீனே வந்தது. 1952இல் நன்மை கருதி இந்தியாவுக்குக் கொண்டுவந்த ஜிலேபி கெண்டையையே இன்றுவரை நம் ஏரிகளிலிருந்து அகற்ற முடியவில்லை. வந்தபின் ஒழிப்பதைவிட வராமல் தடுப்பதே அறிவுடைமை.

எனவே, வலையில் சிக்கினால் திரும்ப நீரில் விடக் கூடாது. கரையில் வீசினாலும் போதாது; காற்றைச் சுவாசித்துப் பல மணி நேரம் உயிரோடிருக்கும். கொன்று, நீருக்கு எட்டாத இடத்தில் புதைக்க வேண்டும். முதலில் கிடைக்கும் மீனை மாவட்ட மீன்வளத் துறை அலுவலகத்தில் காட்டுவது அவசியம். ஏரியில் குஞ்சு விடும் குத்தகைதாரர் ஒவ்வொரு பையையும் சோதிக்க வேண்டும். கோடையில் நீர் வற்றியதும் உட்கரையைப் பார்த்து, வளைகளை மண்ணிட்டுக் கெட்டிப்படுத்தலாம்.

கடைக்காரருக்கும் பொறுப்பு உண்டு. மீன் எவ்வளவு வளரும் என்று சொல்லி விற்பதும், வேண்டாதபோது திரும்பப் பெறுவதும் அவர் கடமை. தொட்டி வைத்திருப்பவர் நகரவாசி. கரை உடைந்தால் நஷ்டப்படுபவர் விவசாயி. ஆகவே கிராம சபையில் இதை முதலில் பேச வேண்டியவரும் விவசாயியே.