பட்டாளத்துக்காரருக்கு அரை மாத்திரை

போன முகூர்த்தத்தில் எட்டயபுரத்தில் ஒரு கல்யாணம். பந்தியில் எனக்கு அடுத்த இலையில் உட்கார்ந்தவர் பேங்கில் மேனேஜராக இருந்து ரிட்டயர் ஆனவர், எனக்கு மாமா முறை. “பெரியப்பா வரலையா?” என்று கேட்டார். இடுப்பு வலியில் ராத்திரி பூரா தூங்கவில்லை, அதனால் வரவில்லை என்றேன். அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே தீர்ப்புச் சொன்னார்: “பட்டாளத்துல இருந்த மனுசன், அவருக்கு என்னப்பா வலி? ஒரு தூக்க மாத்திரையப் போட்டுப் படுக்கச் சொல்லு. காலைல எல்லாம் சரியாப் போயிரும்.” அக்கம்பக்கத்து இலைக்காரர்கள் தலையாட்டினார்கள். ஒருவர் மாத்திரையின் பெயரையே எடுத்துச் சொன்னார். இன்னொருவர், முழுசு வேண்டாம், அரை போதும் என்று திருத்தினார். சாம்பார் வாளியோடு வந்த பையனும் ஏதோ சொல்ல வாயெடுத்தான். நல்லவேளை, அடுத்த வரிசையில் கூப்பிட்டுவிட்டார்கள்.

எங்கள் பக்கத்தில் இந்த வைத்தியம் தெரியாத ஆள் கிடையாது. மழை பொய்த்தால் பருத்தியும் உளுந்தும் கைவிட்டுவிடும் கரிசல் காடு இது. மாதாமாதம் சம்பளம் பார்க்க வேண்டுமென்றால் ஒன்று தீப்பெட்டி ஆபீஸ், இல்லாவிட்டால் பட்டாளம். பதினெட்டு வயதில் ரயிலேறிய பையன் பதினைந்து, பதினேழு வருஷம் மூட்டை சுமந்து, மலை ஏறி, லாரியில் குலுங்கி, நாற்பதுக்குள் பென்ஷனோடு ஊர் திரும்புவான். முதுகோ முழங்காலோ ஏதாவது ஒன்றை அங்கேயே விட்டுவிட்டு வந்திருப்பான். அதற்குப் பிறகு முப்பது, நாற்பது வருஷம் அந்த வலியோடு அவன் காலம் தள்ள வேண்டும். அத்தனை வருஷத்துக்கும் சேர்த்து ஊர் கண்டுபிடித்துக் கொடுத்திருக்கும் மருந்து அரை மாத்திரை.

அந்த அரை மாத்திரையைப் பல வருஷம் ஒழுங்காக, பட்டாளத்து ஒழுங்கோடு விழுங்கியவர் என் பெரியப்பா. ஆகவே மாமாவுக்குப் பதில் சொல்ல வேண்டியது நானல்ல, பெரியப்பாவின் இடுப்பு.

அவர் ராணுவத்தில் டிரைவர். 1987இல் இந்திய அமைதிப்படையோடு யாழ்ப்பாணம் போனார். கண்ணிவெடியில் முன்னால் போன வண்டி சிதற, இவருடைய வண்டி பள்ளத்தில் புரண்டது. கீழ் முதுகில் எலும்பு நொறுங்கியது. ரிட்டயர் ஆகி வந்தவருக்குக் கிடைத்தது ஏடிஎம் வாசலில் காவல் வேலை, நாள் முழுக்க நின்றபடி. படுத்தால், “முதுகுக்குள்ள யாரோ ஸ்க்ரூ டிரைவர வச்சுத் திருகுறாங்கடா” என்பார். ஒரு டாக்டர் பத்து நாளைக்கு என்று சொல்லி டயசிபாம் எழுதிக் கொடுத்தார். பத்து நாள் முடிந்தது. மாத்திரை முடியவில்லை. சீட்டு நைந்து கிழிந்த பிறகு காலி அட்டையைக் காட்டினாலே மெடிக்கலில் கொடுத்தார்கள். அப்புறம் அட்டையும் வேண்டியிருக்கவில்லை, முகமே போதும். ஒரு ராத்திரி பாத்ரூம் போக எழுந்தவர் தள்ளாடி முற்றத்தில் விழுந்தார். 108 ஆம்புலன்ஸ் வந்தது. இடுப்பு மூட்டில் பிளேட் வைத்தார்கள். முதுகில் மட்டும் இருந்த வலி இப்போது இடுப்பிலும் குடியேறியது. இதுதான் “காலைல எல்லாம் சரியாப் போயிரும்” என்ற வைத்தியத்தின் பலன்.

டயசிபாம் வலி மருந்தே அல்ல. அது மூளையை மந்தமாக்கும். திருடனைப் பார்த்துக் குரைக்கிற நாய்க்குச் சோற்றில் மருந்து வைத்தால் தெரு அமைதியாகத்தான் இருக்கும். திருடன் எங்கே போனான்? முதுகுத் தசை இறுக்கத்தைத் தளர்த்தும் என்று சொல்லித்தான் இதைக் கொடுக்கிறார்கள். 2017இல் நியூயார்க்கில் அதையும் சோதித்துப் பார்த்துவிட்டார்கள். திடீர் முதுகுவலியோடு அவசரப் பிரிவுக்கு வந்தவர்கள் எல்லோருக்கும் நாப்ராக்சன் என்ற வலி மருந்தைக் கொடுத்து, அதோடு பாதிப் பேருக்கு டயசிபாமும் மீதிப் பேருக்கு மருந்தே இல்லாத வெறும் மாத்திரையும் கொடுத்தார்கள். ஒரு வாரம் கழித்து இரண்டு கூட்டத்துக்கும் வித்தியாசம் இல்லை. புதிதாக வந்த வலிக்கே இந்த லட்சணம் என்றால், முப்பது வருஷ வலிக்கு அது என்ன செய்து கிழிக்கும்?

தூக்கமாவது வருமா? முதல் சில வாரம் வரும். பிறகு உடம்பு பழகிவிடும், அரை ஒன்றாகும். இந்த வகை மாத்திரைகளை இரண்டிலிருந்து நாலு வாரத்துக்கு மேல் கொடுக்காதீர்கள் என்று பிரிட்டனில் டாக்டர்களுக்கு அறிவுரை போனது 1988இல். அப்போது அமைதிப்படை இலங்கையில்தான் இருந்தது. பெரியப்பா ரிட்டயர் ஆகி, வலி முற்றி, முதல் மாத்திரையை வாயில் போடுவதற்குள் அந்த அறிவுரை பழசாகிப் போயிருந்தது. எங்கள் ஊருக்கு மட்டும் வந்து சேரவில்லை. இன்னொன்று, இருபது வயதுக்காரர் உடம்பில் ஒரு நாளைக்குள் பாதியாகிவிடும் டயசிபாம், எண்பது வயதுக்காரர் உடம்பில் பாதியாக மூன்று நாளுக்கு மேல் எடுத்துக்கொள்ளும். நேற்றுப் போட்டது கழிவதற்குள் இன்றையது, அதற்குள் நாளையது. வயதானவர்களுக்குத் தவிர்க்க வேண்டிய மருந்துகள் என்று அமெரிக்க மருத்துவர்கள் வைத்திருக்கும் பட்டியலில் இந்த மாத்திரை இருக்கிறது. அவர்கள் சொல்லும் காரணங்களில் ஒன்று, விழுந்து எலும்பு முறிவது. பட்டியல் போட்டவர்களுக்கு என் பெரியப்பாவைத் தெரியாது. ஆனால் அவர் இடுப்பை நன்றாகத் தெரிந்து வைத்திருக்கிறார்கள்.

“பட்டாளத்துக்காரனுக்கு வலி தெரியாது” என்ற புளுகுக்கு வருவோம். இரண்டாம் உலகப் போரில் இத்தாலியப் போர்முனையில் ஹென்றி பீச்சர் என்ற மயக்க மருந்து டாக்டர் இருந்தார். பலத்த காயத்தோடு தூக்கிவரப்பட்ட வீரர்களிடம், வலிக்கு ஏதாவது மருந்து வேண்டுமா என்று கேட்டபோது கால்வாசிப் பேர்தான் வேண்டும் என்றார்கள். 1946இல் இதை எழுதினார். மாமா கையில் கிடைத்தால் ஃபிரேம் போட்டு மாட்டிவிடுவார். ஆனால் பீச்சர் சொன்ன காரணம் வேறு. சண்டையில் காயம் பட்டவனுக்கு அந்தக் காயம் ஒரு விடுதலைச் சீட்டு. உயிரோடு வீட்டுக்குப் போகப் போகிறோம் என்ற நிம்மதியில் வலி அமுங்கிவிடுகிறது. சரி, வீட்டுக்கு வந்தாயிற்று. அப்புறம்? ஏடிஎம் வாசலில் நிற்கிறவனுக்கு எந்த விடுதலைச் சீட்டு இருக்கிறது?

அதே போர்க்காலத்தில், 1944இல், அமெரிக்காவில் ராணுவ ஆஸ்பத்திரி ஒன்றில் ஜான் போனிகா என்று ஒரு டாக்டர். குஸ்தி போட்டுச் சம்பாதித்து டாக்டருக்குப் படித்தவர். காயம் ஆறியும் வலி ஆறாத வீரர்களைப் பார்த்துப் பார்த்துத்தான், நாள்பட்ட வலி என்பதே தனி நோய், ஒரே டாக்டரால் ஆகாது, பல துறை ஆட்கள் சேர்ந்து உட்கார வேண்டும் என்றார். 1953இல் அதைத் தடிப் புத்தகமாகப் போட்டார். குஸ்தியில் நொறுங்கிய தன் மூட்டு வலியோடுதான் கடைசிவரை வேலை பார்த்தார். வலி மருத்துவம் என்ற துறையே பட்டாளத்துக்காரர்களின் முனகலைக் காது கொடுத்துக் கேட்டதில் பிறந்தது. நாம் என்னடா என்றால் அந்த முனகலை அரை மாத்திரையால் அடைக்கிறோம்.

அடைக்கிறோம் என்று சும்மா சொல்லவில்லை. மாத்திரை பெரியப்பாவுக்காக வாங்கியதே இல்லை. அவர் ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து நடப்பது, முனகுவது, சில நாள் தூக்கத்தில் கத்துவது, இதெல்லாம் வீட்டுக்குத் தொந்தரவு. “அவரு தூங்கினாத்தான் நாங்க தூங்க முடியும்” என்று பெரியம்மா வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறாள். அவள்மேல் எனக்குக் கோபம் இல்லை. விடியக்காலம் வேலைக்குக் கிளம்ப வேண்டியவள். ஆனால் யாருடைய தூக்கத்துக்காக யார் மாத்திரை விழுங்குகிறார்கள் என்பதையாவது ஒத்துக்கொள்ளுங்கள். வைத்தியம் என்று பெயர் வைக்காதீர்கள்.

தூக்கத்தில் அவர் கத்துவது வலியால் மட்டும் அல்ல. யாழ்ப்பாணத்தில் தான் துப்பாக்கியோடு நின்ற வீதிகளில் ஜனங்கள் பேசியது தன் அம்மா பேசிய பாஷை. அதைப் பற்றி அவர் வாய் திறந்து நான் கேட்டதில்லை. ஆயிரத்துக்கும் மேற்பட்ட இந்திய வீரர்கள் அங்கே செத்தார்கள். 1990 மார்ச்சில் கடைசிப் படை சென்னையில் வந்து இறங்கியபோது அன்றைய முதல்வர் கருணாநிதி வரவேற்கப் போகவில்லை. அவருக்கு அவருடைய நியாயம் இருந்தது, அதில் எனக்குப் பாதி உடன்பாடும் உண்டு. ஆனால் தெருவில் டீக்கடையில் என் பெரியப்பாவைப் பார்த்து, “நம்ம ஆளுகளையே சுட்டுட்டு வந்தவருதான” என்று கேட்டவனுக்கு என்ன நியாயம்? லாரி ஓட்டப் போனவர் அவர். அன்றைக்கு மூடிய வாய்தான். அப்படி மூடிய வாய்க்குள் நாம் மாத்திரையைப் போட்டோம். போரின் நினைவில் தூக்கம் கெட்டுத் தவிக்கும் வீரர்களுக்கு இந்த வகை மாத்திரைகள் வேண்டாம் என்று அமெரிக்கப் படைவீரர் துறையின் வழிகாட்டி 2017இலும் சொன்னது, 2023இலும் சொன்னது. நம் ஊரில் பாரதியின் நினைவு நாள் செப்டம்பர் 11, பிறந்த நாள் டிசம்பர் 11 வந்தால் மணிமண்டபத்தில் அவருக்கு மாலை போட்டு, மைக் பிடித்து வீரத்தைப் பற்றி முழங்குவோம். ஒரு வீரன் வலிக்கிறது என்று சொன்னால் மட்டும் நமக்கு ஆகாது.

மெடிக்கல் கடைகளையும் விட்டுவிட முடியாது. டயசிபாம், அல்பிரசோலம், நைட்ரசிபாம் எல்லாம் 2013இல் கொண்டுவந்த ஹெச்1 பட்டியலில் இருக்கின்றன. டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது. வாங்கியவர் பெயர், எழுதிய டாக்டர் பெயர், எத்தனை மாத்திரை என்று தனி நோட்டில் எழுத வேண்டும், அந்த நோட்டை மூன்று வருஷம் வைத்திருக்க வேண்டும். அட்டையில் சிவப்புக் கட்டம் போட்டு எச்சரிக்கையும் அச்சிட்டிருக்கும். நான் பார்த்த கடையில் கத்தரிக்கோலால் நாலு நாலாக வெட்டிக் கொடுத்தார்கள். மருந்தின் பெயர் ஒரு துண்டில், காலாவதித் தேதி இன்னொரு துண்டில், சிவப்புக் கட்டம் குப்பைக் கூடையில். காலேஜ் பையன்கள் வலி மாத்திரையைப் போதைக்கு வாங்குகிறார்கள் என்று போலீஸ் ரெய்டு வந்தால் கடைக்காரர் உஷாராகிவிடுவார். அப்போதுகூட நிஜமாக வலிக்கிற கிழவனுக்குத்தான் வலி மருந்து கிடைக்காமல் போகும். தூக்க மாத்திரை வழக்கம்போலக் கிடைக்கும்.

பட்டாளத்துக் கேன்டீன் ரம் பற்றித் தனியாக எழுத வேண்டும். மாதக் கோட்டா பாட்டில் ஊருக்குள் வருகிற அன்று பட்டாளத்துக்காரர் வீட்டுக்கு எத்தனை மச்சான்கள் முளைக்கிறார்கள்! அந்த ரம்மின் மேல் அரை மாத்திரை போட்டால் மூச்சே மந்தப்படும். வலி மருந்தில் ஓபியம் வகை எதுவும் சேர்ந்திருந்தால் கேட்கவே வேண்டாம். இந்தச் சேர்க்கைக்கு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2016இல் தன் ஆகக் கடுமையான எச்சரிக்கையை மருந்து விவரக் குறிப்பிலேயே போடச் சொன்னது. பந்தியில் மாத்திரை சிபாரிசு செய்தவர்களில் ஒருவராவது பெரியப்பா குடிப்பாரா என்று கேட்டாரா?

முன்னாள் படைவீரர்களுக்கு இசிஎச்எஸ் மருத்துவத் திட்டம் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, 2003 முதல். இடுப்பில் பிளேட் வைத்தவரைக் காரில் ஏற்றி, அதன் பாலிகிளினிக் வரிசையில் உட்காரவைத்து, இறக்கிக் கொண்டுவருகிற பாடு தெரிந்தவர்கள் பக்கத்து மெடிக்கலுக்கே போவார்கள். இவர்களுக்காவது அது உண்டு. 2022இல் வந்த அக்னிபத் ஆள்சேர்ப்புத் திட்டத்தில் பட்டாளத்தில் சேர்ந்து, நாலு வருஷம் முடிந்து வெளியே வரும் நூற்றுக்கு எழுபத்தைந்து பையன்களுக்கு பென்ஷனும் கிடையாது, இசிஎச்எஸும் கிடையாது. இருபத்தைந்து வயதில் முதுகு போனால் அவனுக்கு மெடிக்கல் கடைதான் பாலிகிளினிக்.

இந்த மண்ணில் முதுகு போனது பட்டாளத்துக்காரருக்கு மட்டும் என்றும் யாரும் நினைக்க வேண்டாம். தீப்பெட்டி ஆபீஸில் நாள் பூரா குனிந்து கட்டை அடுக்கிய பெண்களின் முதுகு எந்த ரெஜிமென்டுக்கும் குறைந்ததல்ல. அவர்களை யாரும் வீரர் என்று சொல்வதில்லை, அதனால் மாத்திரைகூடச் சிபாரிசு ஆவதில்லை. “பொம்பளைக்கு இதெல்லாம் இருக்கத்தான் செய்யும்” என்பதோடு அவர்களுடைய வைத்தியம் முடிந்துவிடும். இதைச் சொல்கிறவரும் பெரும்பாலும் அதே பந்தியில்தான் உட்கார்ந்திருப்பார்.

இதைப் படித்துவிட்டு யாராவது வீட்டுப் பெரியவரின் மாத்திரையைப் பிடுங்கி எறிந்து தொலைத்துவிடாதீர்கள். வருஷக்கணக்கில் போட்டதைச் சட்டென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம், உயிருக்கே ஆபத்து. டாக்டர் பார்த்து, கொஞ்சம் கொஞ்சமாக, மாதக்கணக்கில் குறைக்க வேண்டும். பெரியப்பாவுக்கு அப்படித்தான் குறைத்தார்கள். 2021இல் அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி கொடுக்கிறார்கள். எங்கள் வீட்டுக்கு வந்த பெண் சுவரைப் பிடித்து எழுந்து உட்காரும் பயிற்சியைச் சொல்லிக்கொடுத்தாள். முதல் வாரம் மாமா வகையறா, “இந்த வயசுல பஸ்கியா?” என்று சிரித்தார்கள். இப்போது பெரியப்பா சாயங்காலம் கம்பை ஊன்றிக்கொண்டு கண்மாய்க் கரைவரை போய் வருகிறார். வலி போய்விட்டதா என்றால், இல்லை. ராத்திரி எழுந்து நடக்கிறார், முனகுகிறார், சில நாள் பெரியம்மாவை எழுப்பி உட்காரவைத்து யாழ்ப்பாணத்துக் கதையையும் சொல்ல ஆரம்பித்திருக்கிறார். வீட்டில் எல்லோருக்கும் தூக்கம் கெடுகிறது. கெடட்டும்.