இன்ஸ்டாகிராமை நம்பியிருந்த போட்டோகிராபர்கள் வேறு இடம் தேடுவது ஏன்? சிங்கப்பூர் கலைஞர் தொடங்கிய 'காரா' சொல்லும் பாடம்

கையில் நல்ல கேமரா, இன்ஸ்டாகிராமில் ஒரு பக்கம். ஒரு போட்டோகிராபர் பெயர் எடுக்க இந்த இரண்டும் போதும் என்ற நிலை பல ஆண்டுகள் இருந்தது. விசிட்டிங் கார்டும் அதுதான், ஆல்பமும் அதுதான், கஸ்டமர் தேடி வரும் வாசலும் அதுதான்.

இப்போது அந்த வாசலிலேயே பலருக்குச் சந்தேகம் வந்திருக்கிறது. போட்டோ போட்டால் பார்ப்பவர்கள் குறைவு, ரீல்ஸ் போட்டால்தான் கூட்டம். போட்ட போட்டோவும் ஏஐ பயிற்சிக்குப் போகிறது. அப்போ, படைப்பை எங்கே வைப்பது? யாருக்காக எடுப்பது? உலகம் முழுக்க புகைப்படக் கலைஞர்கள் கேட்கும் கேள்வி இது. அந்தக் கேள்விக்குப் பதிலாக ஒரு தளத்தையே தொடங்கினார் ஒரு கலைஞர். அவர் பெயர் ஜிங்னா ஜாங்.

யார் இந்த ஜிங்னா ஜாங்?

சீனாவில் பிறந்து சிங்கப்பூரில் வளர்ந்தவர். முதலில் துப்பாக்கி சுடும் வீராங்கனை. 2006 மெல்போர்ன் காமன்வெல்த் போட்டியில் சிங்கப்பூருக்காக ஏர் ரைஃபிள் பிரிவில் வெண்கலம் வென்ற அணியில் இருந்தவர். பிறகு கேமரா பக்கம் வந்தார். ஓவியம் போலத் தோன்றும் ஃபேஷன் படங்கள் அவருடைய அடையாளம். வோக், ஹார்ப்பர்ஸ் பஜார் போன்ற இதழ்களின் பல நாட்டுப் பதிப்புகளில் அவரது படங்கள் வந்திருக்கின்றன.

இணையத்தில் படங்களைப் பகிர்ந்து வளர்ந்த தலைமுறையைச் சேர்ந்தவர் அவர். அந்த இணையமே அவருக்குத் தலைவலியாகவும் மாறியது. ஹார்ப்பர்ஸ் பஜாரின் வியட்நாம் பதிப்புக்காக அவர் எடுத்த ஒரு படத்தை, இடம் வலம் மாற்றி அப்படியே ஓவியமாகத் தீட்டியிருந்தார் லக்சம்பர்க் நாட்டு ஓவியர் ஒருவர். 2022-ல் அந்த ஓவியத்துக்குப் பரிசும் கிடைத்தது.

ஜாங் வழக்கு போட்டார். அந்தப் படத்தில் போதுமான தனித்தன்மை இல்லை என்று சொல்லி முதல் நீதிமன்றம் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. அவர் விடவில்லை. 2024 மே மாதம் மேல்முறையீட்டில் வென்றார். அதற்கு ஒரு மாதம் முன்பு, ஏஐ பயிற்சிக்குத் தங்கள் படைப்புகளை அனுமதி இல்லாமல் பயன்படுத்தியதாக கூகுள் மீது அமெரிக்காவில் தொடரப்பட்ட வழக்கிலும் அவர் ஒரு மனுதாரர்.

அவர் உருவாக்கியதுதான் 'காரா'. கலைஞர்களுக்கான சமூக வலைதளம். ஏஐ உருவாக்கிய படங்களுக்கு அங்கே இடமில்லை என்பது அதன் அடிப்படை விதி. சிறியதாக இருந்த இந்தத் தளம், 2024 ஜூன் முதல் வாரத்தில் திடீரென வெடித்தது. சுமார் 40 ஆயிரமாக இருந்த பயனர் எண்ணிக்கை, ஒரே வாரத்தில் 6.5 லட்சத்தைத் தொட்டது.

ஒரே வாரத்தில் என்ன நடந்தது?

காரணம், மெட்டா. ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராமில் மக்கள் பொதுவெளியில் போடும் படங்களையும் எழுத்தையும் ஏஐ பயிற்சிக்குப் பயன்படுத்துவோம் என்ற தனியுரிமைக் கொள்கை மாற்றம் 2024 ஜூன் 26 முதல் நடைமுறைக்கு வரும் என்று அந்த நிறுவனம் பயனர்களுக்குத் தகவல் அனுப்பியது. இன்ஸ்டாகிராமில் உள்ள பொதுப் படங்களைப் பயிற்சிக்குப் பயன்படுத்துகிறோம் என்று மெட்டாவின் தலைமை தயாரிப்பு அதிகாரி கிறிஸ் காக்ஸ் மே மாதமே மேடையில் சொல்லியிருந்தார்.

ஐரோப்பாவில் இருப்பவர்கள் 'எனக்கு இதில் சம்மதமில்லை' என்று படிவம் நிரப்பலாம். அங்குள்ள தரவுப் பாதுகாப்புச் சட்டம் அந்த வாய்ப்பைக் கொடுக்கிறது. இந்தியாவில் அப்படி இல்லை. 2023-ல் இயற்றப்பட்ட டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒருவர் தானே பொதுவெளியில் வைத்த தனிநபர் தரவுகளுக்குப் பொருந்தாது. பக்கத்தை 'பப்ளிக்' என்று வைத்தால்தான் கஸ்டமர் வருவார். அப்படி வைத்தால் இந்தப் பாதுகாப்பு கைகொடுக்காது. தொழில் செய்பவருக்கு இது தர்மசங்கடம்.

இதே நேரத்தில் இன்னொரு கூத்தும் நடந்தது. ஏஐ படங்களை அடையாளம் காட்ட மெட்டா கொண்டுவந்த 'ஏஐ மூலம் உருவாக்கப்பட்டது' என்ற முத்திரை, கேமராவில் எடுத்த அசல் படங்கள் மீதும் விழுந்தது. எடிட்டிங்கில் ஒரு சின்னப் புள்ளியை நீக்கினாலே முத்திரை விழுகிறது என்று போட்டோகிராபர்கள் கொந்தளித்தார்கள். வெள்ளை மாளிகையின் முன்னாள் புகைப்படக் கலைஞர் பீட் சூஸாவும் புகார் சொன்னவர்களில் ஒருவர். 2024 ஜூலையில் அந்த முத்திரையின் வாசகத்தை மெட்டா மாற்றியது.

போட்டோவுக்கான ஆப், வீடியோ ஆப் ஆனது எப்படி?

ஏஐ பிரச்னை கடைசியாக வந்ததுதான். விரிசல் அதற்கு முன்பே தொடங்கிவிட்டது.

2010 அக்டோபரில் இன்ஸ்டாகிராம் அறிமுகமானபோது அதில் சதுரப் படங்கள் மட்டுமே. 2012-ல் ஃபேஸ்புக் 100 கோடி டாலருக்கு அதை வாங்கியது. 2015-ல் நீள, அகலப் படங்களுக்கு அனுமதி கிடைத்தது. 2016-ல் நேர வரிசை போய், எதை முதலில் காட்டலாம் என்று அல்காரிதம் முடிவு செய்யத் தொடங்கியது. போட்ட படம் ஃபாலோயருக்குப் போய்ச் சேரும் என்ற உறுதி அன்றோடு முடிந்தது.

அடுத்த திருப்பத்தில் இந்தியாவுக்கும் பங்கு உண்டு. 2020 ஜூன் 29 அன்று டிக்டாக் இங்கே தடை செய்யப்பட்டது. பத்து நாட்களுக்குள் இன்ஸ்டாகிராம் இந்தியாவில் ரீல்ஸை இறக்கியது. ஆகஸ்டில் அமெரிக்கா உள்ளிட்ட 50-க்கும் மேற்பட்ட நாடுகளுக்குப் போனது.

2021 ஜூன் 30 அன்று, நாங்கள் இனி வெறும் போட்டோ பகிரும் ஆப் இல்லை என்று இன்ஸ்டாகிராம் தலைவர் ஆடம் மொசேரி வெளிப்படையாகவே அறிவித்தார். 2022 ஜூலையில் முழுத்திரை வீடியோ பாணி சோதனைக்கு வந்தபோது, அமெரிக்கப் போட்டோகிராபர் டாட்டி ப்ரூனிங் ஓர் ஆன்லைன் மனுவைத் தொடங்கினார். பழைய இன்ஸ்டாகிராமைத் திருப்பிக் கொடுங்கள் என்பதுதான் கோரிக்கை. கைலி ஜென்னர், கிம் கர்தாஷியன் ஆகியோர் அதைப் பகிர்ந்தார்கள். 2 லட்சத்துக்கும் அதிகமானோர் கையெழுத்திட்டனர். சில நாட்களிலேயே அந்தச் சோதனை நிறுத்தப்பட்டது. வீடியோ பக்கம் அளவுக்கு மீறிச் சாய்ந்துவிட்டோம் என்று 2023 ஜனவரியில் மொசேரியே ஒப்புக்கொண்டார்.

ஆனாலும் மாற்றங்கள் நிற்கவில்லை. 2025 ஜனவரியில் புரொஃபைல் பக்கத்தில் இருந்த சதுரக் கட்டங்கள் உயரமான செவ்வகங்களாக மாறின. சதுரத்துக்காகவே அழகாக அடுக்கி வைத்த பக்கங்கள், ஒரே இரவில் ஓரம் வெட்டுப்பட்டு நின்றன.

கட்டம் மாறினால் கலை ஏன் மாற வேண்டும்?

இங்கேதான் விஷயம் ஆழமாகிறது. ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்க்கலாம்.

24 மெகாபிக்சல் கேமரா எடுக்கும் படம் சுமார் 6000 பிக்சல் அகலம், 4000 பிக்சல் உயரம். இன்ஸ்டாகிராம் வழக்கமாக அதை 1080 பிக்சல் அகலத்துக்குச் சுருக்குகிறது. அப்போது உயரம் 720. மொத்தப் பிக்சலில் மிஞ்சுவது சுமார் 3 சதவீதம்தான்.

அதே அகலத்தில் 4:5 அளவில் ஓர் உயரப் படம் போட்டால், உயரம் 1350. அதாவது, மொபைல் திரையில் அகலப் படத்துக்குக் கிடைப்பதைப் போல கிட்டத்தட்ட இரண்டு மடங்கு இடம். விரலால் வேகமாகத் தள்ளிக்கொண்டே போகும் கண்ணுக்கு எது முதலில் படும்? பெரியதுதான்.

விளைவு என்ன? அகலமான நிலக்காட்சி எடுக்க வேண்டிய இடத்திலும் கை தானாகவே கேமராவைத் திருப்பிப் பிடிக்கிறது. மண்டபம் நிறைய உறவினர்கள் கூடியிருக்கும் காட்சியை விட்டுவிட்டு, மணமக்களின் முகத்தை மட்டும் நெருங்கி எடுக்கத் தோன்றுகிறது. நிதானமாகப் பார்த்தால் மட்டுமே புரியும் படங்கள் பக்கத்தில் ஏறுவதே இல்லை. எதை எடுப்பது என்ற முடிவை ஷட்டரை அழுத்துவதற்கு முன்பே ஆப் எடுத்துவிடுகிறது. ஆன்லைன் இருப்பை மாற்ற யோசிக்கும் போட்டோகிராபர்கள், தங்கள் படைப்பின் திசையையும் சேர்த்தே யோசிப்பதற்குக் காரணம் இதுதான்.

சரி, காராவுக்குப் போய்விட்டால் பிரச்னை தீருமா?

முழுதாகத் தீராது. காராவில் ஏற்றும் படங்களுக்கு 'ஏஐ பயன்படுத்தக் கூடாது' என்ற குறியீடு சேர்க்கப்படுகிறது. அது ஒரு அறிவிப்புப் பலகை மாதிரி. மதிப்பவர்கள் மதிப்பார்கள், பூட்டு கிடையாது. சிகாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உருவாக்கிய 'கிளேஸ்' என்ற கருவியையும் அங்கே பயன்படுத்தலாம். கண்ணுக்கு எளிதில் தெரியாத சிறு மாற்றங்களைப் படத்தில் செய்து, ஒருவரின் பாணியை ஏஐ நகல் எடுப்பதைக் குழப்பும் கருவி அது. இது நிரந்தரத் தீர்வு இல்லை என்று அதை உருவாக்கியவர்களே சொல்கிறார்கள்.

பணமும் ஒரு பிரச்னை. கூட்டம் குவிந்த அந்த ஜூன் வாரத்தில், காராவுக்கு வந்த சர்வர் பில் சுமார் 96 ஆயிரம் டாலர். அன்றைய மதிப்பில் ஏறக்குறைய 80 லட்சம் ரூபாய். பெரிய முதலீட்டாளர்கள் இல்லாமல், தன்னார்வலர்கள் துணையோடு நடந்த தளம் அது. விளம்பரமும் வேண்டாம், தரவு விற்பனையும் வேண்டாம் என்றால், அந்தச் செலவை யாராவது ஏற்றுத்தான் ஆக வேண்டும்.

ஃபிளிக்கர் கதையும் இதையே சொல்கிறது. ஒரு காலத்தில் போட்டோகிராபர்களின் தாய்வீடு அது. 2013-ல் ஆளுக்கு 1 டெராபைட் இடம் இலவசம் என்றது. 2018-ல் கைமாறியதும், இலவசக் கணக்கில் 1,000 படங்கள்தான், மிஞ்சியவை நீக்கப்படும் என்று அறிவித்தது. 2021-ல் வந்த 'கிளாஸ்' என்ற ஆப் நேர்மாறான வழியில் போனது. லைக் எண்ணிக்கை போட்டி இல்லை, விளம்பரம் இல்லை. ஆனால் சந்தா கட்ட வேண்டும்.

இன்னொரு நடைமுறைச் சிக்கலும் உண்டு. காரா, கிளாஸ் போன்ற இடங்களில் இருப்பவர்கள் பெரும்பாலும் சக கலைஞர்கள். அங்கே பாராட்டு கிடைக்கும். ஆனால் மகள் கல்யாணத்துக்குப் போட்டோகிராபர் தேடும் சேலத்துக் குடும்பம் அங்கே வராது. அவர்கள் இன்ஸ்டாவில்தான் இருக்கிறார்கள். அதனால் கணக்கை அழித்துவிட்டுப் போவது எல்லோருக்கும் கட்டுப்படியாகாது.

அப்போ என்னதான் செய்வது?

வாடகைக் கடையையும் சொந்த வீட்டையும் பிரித்துப் பார்ப்பதுதான் நடைமுறைக்கு ஒத்துவரும் வழி. இன்ஸ்டாகிராம் கடைத்தெருவில் இருக்கும் வாடகைக் கடை. ஆள் நடமாட்டம் அங்கேதான் அதிகம், கடையை மூட வேண்டியதில்லை. ஆனால் வீட்டில் இருக்கும் அத்தனையையும் கொண்டுபோய் அங்கே கொட்டவும் வேண்டியதில்லை.

கஸ்டமரை ஈர்க்கத் தேவையான சில படங்கள், சிறிய அளவில் அங்கே போதும். முழுத் தொகுப்பும் சொந்தப் பெயரில் பதிவு செய்த இணையதளத்தில் இருக்கலாம். அங்கே அகலப் படத்தை அகலமாகவே காட்டலாம். எந்தப் படம் முதலில், எது அடுத்து என்ற வரிசையும் கலைஞர் கையில். அசல் கோப்புகள் குறைந்தது இரண்டு ஹார்டு டிஸ்க்கில் தனித்தனியாக இருப்பது அவசியம். பழைய கஸ்டமர்களின் போன் எண், மின்னஞ்சல் பட்டியல், ஃபாலோயர் எண்ணிக்கையை விடப் பெரிய சொத்து. அல்காரிதம் மாறினாலும் அது மாறாது.

இந்தியாவில் இருப்பவர்கள் கவனிக்க வேண்டிய சட்ட விஷயம் ஒன்று இருக்கிறது. 1957 காப்புரிமைச் சட்டத்தின் 17-வது பிரிவின்படி, ஒருவர் காசு கொடுத்து எடுக்கச் சொன்ன போட்டோவின் முதல் உரிமையாளர், எடுக்கச் சொன்னவர்தான். வேறு ஒப்பந்தம் இருந்தால் மட்டுமே இது மாறும். அதாவது, எழுத்தில் எதுவும் இல்லை என்றால், கல்யாணப் படங்களின் காப்புரிமை கல்யாண வீட்டாருக்கு. போட்டோகிராபர் அதைத் தன் பக்கத்தில் போடவே அவர்களின் சம்மதம் வேண்டியிருக்கும். யார் எங்கே பயன்படுத்தலாம் என்று புக்கிங் ரசீதிலேயே இரண்டு வரி எழுதி கையெழுத்து வாங்கிவிட்டால், பின்னாடி வரும் பல சண்டைகளைத் தவிர்க்கலாம்.

ஏஐ விஷயத்திலும் இங்கே விவாதம் தொடங்கிவிட்டது. படைப்புகளை ஏஐ பயிற்சிக்குப் பயன்படுத்த நிறுவனங்களுக்கு அனுமதி, பதிலுக்குப் படைப்பாளிகளுக்கு ராயல்டி என்ற யோசனையை, மத்திய தொழில் ஊக்குவிப்புத் துறை 2025 டிசம்பரில் வெளியிட்ட ஆவணம் முன்வைத்தது. காசு வரும் என்பது நல்ல செய்தி. ஆனால் 'என் படம் வேண்டாம்' என்று மறுக்கும் உரிமை அந்த யோசனையில் இல்லை.

காசு கொடுத்தால் போதுமா, கேட்டுவிட்டு எடுக்க வேண்டுமா? ஜிங்னா ஜாங் லக்சம்பர்க் நீதிமன்றம் வரை போனது கேட்காமல் எடுத்ததற்காகத்தான். கட்டம் மாறுவதையும் அல்காரிதம் மாறுவதையும் ஒரு போட்டோகிராபர் எப்படியாவது சமாளித்துவிடலாம். மறுக்கும் உரிமை கிடைக்குமா என்பதைச் சட்டம்தான் சொல்ல வேண்டும். அதுவரை எந்தப் படத்தை வெளியே வைப்பது, எதை வீட்டிலேயே வைத்துக்கொள்வது என்ற முடிவு ஒன்றுதான் அவர் கையில் இருக்கிறது.