கிலோவுக்கு இத்தனை மில்லிகிராம்

எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனைக்குத் தமிழகத்தின் எல்லா மூலைகளிலிருந்தும் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடி வருகிறார்கள். அங்கே செவிலியர் வேலை தனி ரகம். பெரியவருக்குக் காய்ச்சல் என்றால் ஒரு மாத்திரையோடு முடிந்தது. குழந்தைக்கோ பாராசிட்டமால்கூட கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம் என்று எடை பார்த்துக் கணக்கிட வேண்டும். ஒரு புள்ளி இடம் மாறினால் மருந்து பத்து மடங்காகிவிடும். நூலிழை நரம்பில் ஊசி ஏற்றும்போது பிள்ளை திமிறும், பக்கத்தில் தாய் அழுவாள், எங்கே வலிக்கிறதென்று சொல்லவும் அதற்குத் தெரியாது. இத்தனை பொறுப்பான வேலைக்கு, 2015-இல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் மூலம் அரசு மருத்துவமனைகளுக்கு வந்த செவிலியர்களுக்குத் தொடக்கத்தில் கிடைத்தது மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியம். பணி நிரந்தரத்துக்காக அவர்கள் ஆண்டுக்கணக்கில் தெருவில் நின்றது நமக்கு வெட்கம். குழந்தைகள் வார்டுகளிலாவது ஒப்பந்தப் பணியை அரசு அறவே நிறுத்த வேண்டும். ஒரு செவிலியர் பார்க்கும் கட்டில்களையும் குறைக்க வேண்டும்.