ஆபரேஷனுக்கு முன் கேளுங்கள்!

சினைப்பை நீர்க்கட்டிக்கு ஆபரேஷன் தேதி குறித்ததுமே, 'புற்றுநோயாக இருக்குமோ?' என்ற பயம் பல பெண்களுக்கு வந்துவிடுகிறது. மாதவிலக்கு நிற்காத வயதில் வரும் கட்டிகளில் பெரும்பாலானவை சாதாரணக் கட்டிகளே. சிஏ-125 ரத்தப் பரிசோதனை அளவு எண்டோமெட்ரியோசிஸ் இருந்தாலும் கூடும். அகற்றிய கட்டியின் பயாப்ஸி முடிவுதான் உறுதியான பதில் சொல்லும். அது வரச் சில நாட்கள் ஆகலாம்.

ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போடும் முன், 'கட்டியை மட்டும் எடுப்பீர்களா, சினைப்பையையும் எடுக்க நேருமா?' என்று டாக்டரிடம் கேளுங்கள். குழந்தை ஆசை இருந்தால் அதையும் சொல்லுங்கள். ஒரு சினைப்பை நன்றாக இருந்தாலே கருத்தரிக்க முடியும்.

காத்திருக்கும் நாட்களில் திடீரென அடிவயிற்றில் கடும் வலியும் வாந்தியும் வந்தால் தேதிவரை பொறுக்காதீர்கள். சினைப்பை முறுக்கிக்கொண்டிருக்கலாம். உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.